பதினோரு தப்படி

இன்று காலை ஆபீஸ் பீரோவுக்குப் பின்னால் விழுந்த பேனாவை எடுக்கப் போய், உன் சாவி கையில் சிக்கியது. முழங்கால் உயர இரும்பு, மேலே குறுக்குப் பிடி, நுனியில் நீ அப்பிவைத்த கிரீஸ். உன் காக்கிச் சட்டையிலும் இதே வாடைதான் அடிக்கும். எந்த சோப்புக்கும் போகவில்லை என்று உன் மனைவி என்னிடம் புகார் சொன்னது உனக்குத் தெரியாது. இனித் தெரிந்து என்ன, சொல்லிவைக்கிறேன்.

ஊர்ப் பெயரை எழுத மாட்டேன், மெமோ வரும். பெரம்பலூர்க்காரர்கள் இது அரியலூர்ப் பக்கம் என்றும், அரியலூர்க்காரர்கள் பெரம்பலூர்ப் பக்கம் என்றும் நினைத்துக்கொள்ளட்டும். என்னைப் பற்றியும் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தீயணைப்பு நிலையத்தில் பதினெட்டு வருஷம் கிளார்க்காக இருந்து நான் அணைத்தது என் வீட்டு கேஸ் அடுப்பை மட்டும்தான்.

நம்ம ஊரில் ரோட்டோரம் பூமிக்குள் மூன்று ஹைட்ரண்ட். மூடியைத் திறந்து, இந்தச் சாவியைப் போட்டுத் திருகினால் வண்டிக்குத் தண்ணீர் வர வேண்டும். மூன்றிலும் ஒழுங்காக வராது. மாதாமாதம் நீ போய்ப் பார்த்துவிட்டு வருவாய், நான் பட்டியல் போடுவேன். இடம், நிலை, ஆய்வு செய்தவர், எடுத்த நடவடிக்கை. நடவடிக்கைக் கட்டத்தில் எப்போதும் ‘கடிதம் அனுப்பப்பட்டது’. நகராட்சியிலிருந்து பதில் வந்ததே இல்லை. நானும் போன மாதப் பட்டியலில் தேதியை மட்டும் மாற்றி அனுப்பப் பழகிவிட்டேன். நீ மழையில் நனைந்து வந்து, “மூணும் பாத்துட்டேன் ரைட்டரே” என்பாய். பட்டியல் காலையிலேயே போயிருக்கும்.

உனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்தது தையல்கார அக்கா கடை எரிந்த மத்தியானத்தில். வண்டியில் இருந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது. அந்தத் தெரு ஹைட்ரண்டின் மேல் முந்தின வாரம்தான் தார் போட்டு மூடியிருந்தார்கள். ஊருக்கு வெளியே மக்காச்சோளக் காட்டு போர்வெல்லில் பிடித்துக்கொண்டு வண்டி திரும்புவதற்குள், கடையில் மிஞ்சியது இரண்டு மெஷின்களின் இரும்பு. “இந்தத் தெருவுல தண்ணி இருக்குன்னு நீங்கதானண்ணே சொன்னீங்க?” என்று அந்த அக்கா கேட்டது. நீ குழாயைச் சுருட்டிக்கொண்டே இருந்தாய்.

அதற்கப்புறம் அந்த ஒன்றையாவது திறந்துவிட வேண்டும் என்று அலைந்தாய். ரோட்டை வெட்ட நமக்கு அனுமதி கிடையாது. மூடி இருந்த இடத்துக்கு நேராகச் சுவரில் சிவப்பு அம்புக்குறி போட்டாய். தேர்தல் வந்தது, கட்சிக்காரர்கள் சுண்ணாம்பு அடித்துச் சின்னம் வரைந்துவிட்டார்கள். பிறகு தப்படி வைத்து அளந்து மனசில் வைத்துக்கொண்டாய்.

ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். நான் வந்தது முக்குக் கடை வாழைக்காய் பஜ்ஜிக்காக. நீ ஒரு கடை வாசலிலிருந்து நீளநீளமாகக் கால் போட்டு நடந்தாய்.

“யோவ் ரைட்டரு, நல்லாப் பாத்துக்க. இங்கேருந்து பதினோரு தப்படி. நான் லீவுல போயிட்டா யாருய்யா காட்டுவா?”

“நீ எங்க லீவுல போற? அந்த லெட்டரையும் நான்தான எழுதணும்” என்றேன். சட்னி சட்டையில் கொட்டிவிட்டது. அதைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது நீ அளந்து முடித்திருந்தாய்.

லீவில்தான் போனாய். வேப்பந்தட்டையில் மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசம். பந்தியில் நெஞ்சைப் பிடித்தவன் எழுந்திருக்கவில்லை. நான் உன் பிள்ளைகளைவிடச் சத்தமாக அழுதேன், சொந்தக்காரர்கள் என்னைப் பங்காளி என்று நினைத்துவிட்டார்கள். மறுமாதம் வந்து பட்டியல் அனுப்பினேன். தேதியை மட்டும் மாற்றி.

எட்டு மாதம், நீ செத்த பிறகும், பட்டியலில் ஒரு மாதம் தவறாமல் ஹைட்ரண்ட் பார்த்திருக்கிறாய். கண்டுபிடித்தவன் நான் இல்லை. அத்தனை வருஷக் கடிதங்களுக்கும் சேர்த்து முதல்முறையாக ஒரு பதில் வந்தது. கூட்டாய்வுக்கு இன்ன தேதியில் வருகிறோம், கடந்த மாதம் நேரில் ஆய்வு செய்த அலுவலர் தவறாமல் வந்து இடத்தைக் காட்ட வேண்டும். கீழே உன் பெயர்.

ஆபீசர் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். “அவன எங்கய்யா போய்க் கூட்டிட்டு வரப் போற?”

நான்தான் போனேன். வந்த இன்ஜினியர் சின்ன வயசு, நல்ல மாதிரி. கடப்பாரையோடு இரண்டு ஆட்களையும் கூட்டி வந்திருந்தார். “எங்கன்னு காட்டுங்க சார், இன்னிக்கே தோண்டிரலாம்.” இத்தனை வருஷமாக நீ கேட்டது அந்த ஒரு வார்த்தைதான். அதை என்னிடம் சொன்னார்கள்.

மெடிக்கல் இருந்த இடத்தில் மொபைல் கடை. மாவு மில் இருந்த இடத்தில் பிரியாணிக் கடை. நான் ஒரு வாசலிலிருந்து பதினொன்று வைத்தேன். தோண்டினார்கள், மண். இன்னொரு வாசலிலிருந்து வைத்தேன், யார் வீட்டுக்கோ போகும் பிளாஸ்டிக் பைப். மூன்றாவது குழிக்கு என் முகத்தைப் பார்த்தார்கள். என் காலோ குட்டை. புதுக் கடை வாசலில் நின்று பார்த்த தையல்கார அக்கா, “அந்த அண்ணன் இருந்திருந்தா கண்ண மூடிக்கிட்டுக் காட்டியிருப்பாரு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது.

‘இடம் கண்டறிய இயலவில்லை, பட்டியலிலிருந்து நீக்கலாம்’ என்று எழுதினார்கள். மற்ற இரண்டையும் காட்டவும் ஆளில்லை, அவற்றுக்கும் அதுவே. நான் கையெழுத்துப் போட்டேன். இந்த மாதப் பட்டியலில் பழுதடைந்த ஹைட்ரண்ட் ஒன்றுகூட இல்லை. மாவட்ட ஆபீசிலிருந்து போன் வந்தது, நம்ம ஸ்டேஷன் ரொம்ப சுத்தமாம்.

அக்கா கடை வாசலில் இப்போது இரண்டு நீல டிரம் தண்ணீர் இருக்கிறது. தீப்பிடித்தால் அது எத்தனை நிமிஷத்துக்குக் காணும் என்பது உனக்குத் தெரியும், எனக்கே தெரியும்.

கூட்டாய்வு அன்றைக்கு மட்டும் தேடித் தேடிக் கிடைக்காத சாவி, இன்று என் மேஜை மேல் கிடக்கிறது. சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகும்போது அந்தத் தெரு வழியாகத்தான் போகிறேன். கால் தானாக எண்ண ஆரம்பித்துவிடுகிறது. பதினொன்றில் நிற்கிறேன். எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது. எந்த வாசலிலிருந்து தொடங்கினாய் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.