மூணாம் பேஸில் என் கை

ஜூலை 17, வெள்ளி

காலையிலேயே புழுக்கம். இரும்பு மில்லில் பகல் ஷிப்ட். வந்ததும் பை கட்டும் வேலை: தண்ணீர் பாட்டில், தொப்பி, ஆதார் ஜெராக்ஸ், விசில், போட்டோ இரண்டு. போட்டோவில் திருடன் மாதிரி இருக்கிறேன். வேறு இல்லை.

நாளை திருவள்ளூரில் பேஸ்பால் கோச் பயிற்சி ஆரம்பம். இரண்டு வாரம், சனி ஞாயிறு. மகள் ஜெனி விளையாடும் பள்ளி டீமுக்கு இருந்த பி.டி. டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார். சர்டிபிகேட் உள்ள கோச் இல்லாவிட்டால் மாவட்ட மேட்சில் டீமைச் சேர்க்க மாட்டார்களாம். பெற்றோர் கூட்டத்தில் ஹெச்.எம். "யாராவது பயிற்சிக்குப் போறீங்களா?" என்றார். எல்லோரும் செருப்பைப் பார்த்தார்கள். நான் மட்டும் நிமிர்ந்து ஃபேனைப் பார்த்துத் தொலைத்தேன். அதுவே கை தூக்கியதாகக் கணக்கு.

வீட்டுக்காரி எஸ்தர்: "பத்தாவதுல ரெண்டு தபா கோட்டு அட்சவரு. இப்ப பரிச்ச எழுதப் போறாராம்."

மகள் அதற்கும் மேல்: "நைனா, ஃபெயிலாயி வந்துடாத. டீமே ஊட்ல குந்திக்கினு இருக்கணும்."

ஜூலை 18, சனி

விடியற்காலை பஸ், பெரியபாளையத்தில் மாறி. கல்லூரி மைதானம். மர நிழல் மூலையில் ஒன்று, அதிலும் பைக்குகள். வந்தவர்களில் முக்கால்வாசி பி.டி. வாத்தியார்கள். ஃபேக்டரி ஆள் நான் ஒருத்தன். ஊத்துக்கோட்டையில் செருப்புக் கடை வைத்திருக்கும் ரெட்டி, என்னை மாதிரி மாட்டிக்கொண்ட இன்னொரு அப்பா. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

வகுப்பு எடுத்தது கல்பனா மேடம். குறித்தவை:

பிள்ளையைத் தொட்டுச் சொல்லித் தருமுன் கேட்க வேண்டும்.
கை வலி என்றால் பந்து வீச விடக்கூடாது, கப்பே போனாலும்.
கோச் ஒரு பிள்ளையைத் தனியாக வண்டியில் ஏற்றிப் போகக்கூடாது.

எழுந்து கேட்டேன்: "மேடம், நான் தினிக்கும் ஒரு பொண்ண ஏத்திக்கினு போறேன். என் பொண்ணுதான்."

"அதுக்கு லைசன்ஸ் இருந்தா போதும் சார்." ஒரே சிரிப்பு. நானும்.

கழுத்து பின்பக்கம் வெந்துவிட்டது. எஸ்தர் தேங்காய் எண்ணெய் தடவினாள், திட்டிக்கொண்டே.

ஜூலை 19, ஞாயிறு

ஆடி முதல் ஞாயிறு. பெரியபாளையத்தில் வேன், மேளம், வேப்பிலை; பஸ் நகரவில்லை. இறங்கி அடுத்த பஸ் வரை நடந்தேன். வழியில் யாரோ கூழ் கொடுத்தார்கள். சர்ச் போச்சு, கூழ் கிடைத்தது. கூழைப் பற்றி எஸ்தரிடம் சொல்லவில்லை.

இன்று மூணாம் பேஸ் கோச் வேலை. மறக்காமல் இருக்க எழுதுகிறேன்: பந்தை அடித்தவள் மூன்று மூலையிலும் இருக்கும் பேஸ்களைத் தொட்டு, கிளம்பிய இடமான ஹோமுக்குத் திரும்பினால் ஒரு ரன். அவளுக்கு முன்னால் பந்து அங்கே வந்து அவளைத் தொட்டுவிட்டால் அவுட். ஓடுகிறவளுக்கு முதுகுப் பக்கம் பந்து எங்கே என்று தெரியாது. மூணாம் பேஸ் ஓரம் நிற்கும் கோச்சின் கையைப் பார்த்துத்தான் ஓடுவாள். கையைச் சுற்றினால் ஓடு. இரண்டு கையும் தூக்கினால் நில்.

இதென்ன வித்தை என்று நினைத்தேன். மில்லில் என் பிழைப்பே இதுதான். மேலே கிரேனில் பாபு, கீழே நான். சத்தத்தில் ஒன்றும் கேட்காது. என் கையைப் பார்த்துத்தான் அவன் லோடைத் தூக்குவான், இறக்குவான்.

ஆடிக் காட்ட வந்திருந்த கல்லூரிப் பெண்களில் முதலாமவள் என்னை நோக்கி ஓடி வந்தாள். விசில் அடித்துவிட்டேன். மில்லில் லோடு நகருமுன் அடித்தே ஆக வேண்டும். கை தானாகப் போகிறது. ஓடிய பெண் நின்றாள். பந்தைப் பிடிக்க வந்தவள் நின்றாள். அம்பயர் நின்றார். பந்து மட்டும் உருண்டு போய் வேலியில் முட்டியது.

ரெட்டி: "இன்னாப்பா, ரயிலு எதுனா வருதா?"

மேடம் வந்து விசிலை வாங்கி மேசை மேல் வைத்தார்.

அதற்கப்புறமும் ஒருத்தியையும் நான் ஹோமுக்கு அனுப்பவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் இரண்டு கையும் மேலே.

மேடம்: "சார், நீங்க நிக்கிற வரைக்கும் யாரும் அவுட் ஆக மாட்டாங்க. ரன்னும் வராது. அடுத்த ஞாயிறு டெஸ்ட்லயும் இப்படியே நின்னா என்னால பாஸ் போட முடியாது."

சந்தேகம் என்றால் நிறுத்து, அதுதான் மில் பழக்கம் என்றேன். நிறுத்தினால் நேரம்தான் போகும், விட்டால் ஒருத்தன் கால் போகும்.

"இங்க யார் காலும் போகாது. அவுட்டுதான். அவுட்டானா, அனுப்பினது நான், தப்பு என்னுதுன்னு பொண்ணுகிட்ட போய்ச் சொல்லிடணும். அதுவும் கோச் வேலை."

ஜூலை 22, புதன்

தூறல். சாப்பாட்டு நேரத்தில் மேடம் சொன்னதைப் பாபுவிடம் சொன்னேன். டிபன் பாக்ஸை மூடிவிட்டான்.

"அண்ணே, அங்க இன்னா வேணா கத்துக்க. அத மட்டும் இங்க இட்டுக்கினு வராத. நீ அவசரப்பட்டா பேஜாராயிடும்."

சாயங்காலம் தெருமுனையில் கையைச் சுற்றிப் பழகினேன். ஷேர் ஆட்டோ நின்றது. "சும்மா பழகுறேன்" என்றேன். திட்டிவிட்டுப் போனான்.

எஸ்தர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ரோட்ட தாண்டி கடைக்கு அவள அனுப்ப மாட்டாரு. ஹோமுக்கு அனுப்பப் போறாராம்."

ஜெனி சிரித்தாள். அந்த ரோட்டில் லாரி வரும் வேகம் இவர்களுக்குத் தெரியாது.

ஜூலை 25, சனி

எழுத்துத் தேர்வு. டிக் அடிக்கிற கேள்விகள். தெரிந்தது கொஞ்சம், ரெட்டியைப் பார்த்து அடித்தது கொஞ்சம். வெளியே வந்து கேட்டால் அவன் என்னைப் பார்த்து அடித்தானாம். எப்படியோ இரண்டு பேரும் தேறிவிட்டோம். நாளை மைதானத் தேர்வு. கை ஒன்றுதான் பாக்கி.

பால் பாக்கெட் சொல்ல மறந்தேன்.

ஜூலை 26, ஞாயிறு

தேர்வுக்கு ஆடிக் காட்ட எங்கள் பள்ளிப் பெண்களையே வேனில் வரவழைத்திருந்தார்கள். என் முறை வந்தபோது இரண்டாம் பேஸில் ஜெனி.

பந்தில் அடி விழுந்தது. ஜெனி மூணாம் பேஸுக்கு ஓடி வருகிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி பந்தை எடுத்துவிட்டாள். ஜெனி என் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும். பாபுவும் இப்படித்தான் பார்ப்பான்.

இரண்டு கையும் மேலே போக வந்தது. பாதியில் பிடித்து, வலது கையைச் சுற்றினேன்.

அவுட். யாரும் வாக்குவாதம் பண்ண முடியாத அவுட்.

புழுதியோடு எழுந்து ஒரு பார்வை பார்த்தாள். போனேன். "ஜெனி, அனுப்பனது நான். தப்பு என்னுது." கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எஸ்தரிடம்கூட இதைச் சொன்னதில்லை.

"சரி சார்" என்றாள். சாராம்!

சாயங்காலம் மேடம் பேர் படித்தார். பாஸ். சீட்டில் எழுதியிருந்தது: முடிவு தெளிவு, கை தாமதம். ரெட்டியும் பாஸ். ஹெச்.எம்.முக்குப் போன் போட்டேன், டீம் பேரை நாளைக்கே அனுப்புகிறாராம். வேனில் பெண்கள் போட்ட சத்தத்துக்கு மில் தேவலை.

வீட்டில் எஸ்தர்: "இன்னாடி, உங்க நைனா பாஸா?"

"பாஸு. நான்தான் அவுட்டு." அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீ யோசிச்ச நைனா. நான் பாத்தேன். நீ யோசிக்கறன்னு நானும் காலை மெதுவா வெச்சேன்."

ஜூலை 27, திங்கள்

மில்லில் எல்லோருக்கும் மிட்டாய். பாபு இரண்டு எடுத்துக்கொண்டு, "கை பழைய கைதானே?" என்றான். பழைய கைதான் என்றேன்.

மேடம் விசிலைத் திருப்பித் தரவில்லை. ஒரு வாரமாக இரவல் விசில். மில் ஸ்டோரில் புதுசு கேட்க வேண்டும்.

சாயங்காலம் தெருமுனை. ஜெனி ஓடி வர, நான் சுற்ற. "சீக்கிரம் நைனா, இன்னும் சீக்கிரம்." ஷேர் ஆட்டோ இன்றைக்கு நிற்கவில்லை.

உள்ளேயிருந்து எஸ்தர், கொத்தமல்லி இல்லை என்று. கடை ரோட்டுக்கு அந்தப் பக்கம். ஜெனி காசை வாங்கிக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றாள். திரும்பி என் கையைப் பார்த்தாள்.

லாரி ஒன்று போகும்வரை இரண்டு கையும் மேலே. பிறகு சுற்றினேன்.