நேர்ந்துவிட்டவன்

பிப்ரவரி 8, 2004. ஞாயிறு

பல மாத யோசனைக்கும் ஒரு நவநாள் ஜெபத்துக்கும் பிறகு இன்று முடிவெடுத்துவிட்டேன். சிற்றாலயத்தில் இடப்பக்க பெஞ்சிலிருந்து வலப்பக்க பெஞ்சுக்கு மாறுகிறேன். அதற்கு நேர் மேலே மின்விசிறி இருப்பது தற்செயல். குருமட வரலாற்றில் இதைப் பதிவு செய்ய வேறு யாரும் முன்வர மாட்டார்கள் என்பதால் நானே செய்கிறேன்.

புதிய இடத்தில் தியானம் ஆழமாக இருந்தது. எழுப்பிவிட்டவன் இன்னய்யா.

பிப்ரவரி 11

இன்னய்யா என் அறைத்தோழன். குண்டூர்ப் பக்கம். மே மாதம் எங்கள் இருவருக்கும் திருத்தொண்டர் பட்டம், அடுத்த வருடம் குருப்பட்டம். நான் இங்கே வந்ததற்குப் பெரிய காரணம் இல்லை. பேகம்பேட்டில் ஒரு கம்பெனியில், இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்ததும் கணினிகளெல்லாம் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். ஆண்டு பிறந்தது, எதுவும் நிற்கவில்லை. என்னை அங்கே இனி யாரும் தேட மாட்டார்கள் என்று தோன்றியது.

அவன் கதை வேறு. நாலு வயதில் டைபாய்டு. பிழைத்தால் உனக்கே தருகிறேன் என்று அவன் அம்மா மாதாவிடம் நேர்ந்துகொண்டார். பிழைத்துவிட்டான். குருவாக வரும்படி இளைஞர்களைக் கூப்பிடும் அழைத்தல் ஞாயிறன்று பங்குக் கோயில்களில் சாட்சி சொல்ல அவனைத்தான் அனுப்புவார்கள். பெண்கள் பக்கம் ஒரு கண்ணும் உலர்ந்திருக்காது. என்னை ஒருமுறை அனுப்பினார்கள். மல்லாபூரில் ஒரு ஃபேக்டரித் தொழிலாளி, "அவ்வளவுதானா பிரதர்?" என்று கேட்டார்.

"ஒரேய் அரவோடா," என்கிறான் இன்னய்யா. தமிழர்களை இங்கே பிரியத்தோடும் பிரியமில்லாமலும் கூப்பிடும் பெயர் அது. "டைபாய்டு என்னுது. நீ வேணும்னா மஞ்சள் காமாலை எடுத்துக்கோ."

பிப்ரவரி 20

மெஸ்ஸுக்குக் காய்கறி வாங்க இன்னய்யாவோடு போவன்பள்ளி போனேன். பிரசங்க வகுப்பில் திக்குகிற ஆள், கோசு மூட்டைகளுக்கு நடுவே நின்றால் தெலுங்கிலும் உருதுவிலும் பொழிகிறான். மூட்டையைத் தட்டிப் பார்த்தே அடியில் இருப்பது அழுகலா என்று சொல்லிவிடுகிறான். மண்டிக்காரர் அப்துல் ரஹீம் தோற்றுப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். "ஃபாதர் கைக்கு பன்ரே மியா? மேரே பாஸ் ஆ ஜாவ்." எதற்குச் சாமியார் வேலை, என்னிடம் வந்துவிடு.

மூவரும் சிரித்தோம். திரும்பும்போது இன்னய்யா ஆட்டோவில் முட்டைக்கோசு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

மார்ச் 3

ஆளுமைத் தேர்வு. தூண்டப்பட்ட அழைத்தல் எது, உண்மையானது எது என்று கண்டுபிடிக்க குருமடத் தலைவரான ரெக்டர் ஃபாதருக்கு ஆசை. நானூற்றுச் சொச்சம் கேள்விகள். 'கண்ணுக்குத் தெரியாத ஒருவர் என்னை எப்போதும் கவனிக்கிறார்' — வகுப்பு முழுக்க ஆம். 'எனக்கென்று ஒரு தனிப்பணி குறிக்கப்பட்டுள்ளது' — ஆம். 'எனக்குக் கோபமே வந்ததில்லை' — அதற்கும் ஆம்.

நான் வேறு விதமாகத் தவறிவிட்டேன். பாவசங்கீர்த்தனத்துக்கு முந்திய ஆன்ம சோதனை மாதிரி நினைத்து, கேட்ட குற்றத்தையெல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

மார்ச் 10

நேர்காணல். மனநல மருத்துவர் டாக்டர் வேதவல்லி. ஏ.எஸ்.ராவ் நகர், கணவர் அரசு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் என் அப்பாவோடு வேலை பார்த்தவர்.

"நீ ஆக்னஸ் பையனோன்னோ? உங்கம்மாவை மாவு மெஷின்ல பாக்கறது உண்டு. உக்காரு. உங்க வகுப்புல அத்தனை பேரும் கோபமே வந்ததில்லைன்னு எழுதியிருக்கா. இந்த மெஸ் சாம்பாரைச் சாப்பிட்டுண்டுமா?"

"தவமாக நினைத்துச் சாப்பிடுவோம், மேடம்."

"நீ திருடினேன்னு எழுதியிருக்கே. என்ன திருடினே?"

"மெஸ்ஸில் இரண்டாவது முட்டை."

"பொறாமை?"

"இன்னய்யாவுடைய டைபாய்டு மேல்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்கே ஏன் இருக்கே?"

"பிடிச்சிருக்கு, மேடம்."

"சரி, போ. அந்த டைபாய்டை வரச் சொல்லு."

சாப்பாட்டு மணி அடித்தும் இன்னய்யா வெளியே வரவில்லை. அப்புறம் கேட்டேன். அம்மா நேர்ந்துகொள்ளாமல் இருந்திருந்தால் என்னவாகியிருப்பாய் என்று கேட்டாராம்.

"என்ன சொன்னே?"

"கோசுன்னு சொன்னேன்." சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.

மார்ச் 24

நான் தகுதி என்று ரெக்டர் சொல்லிவிட்டார். இன்னய்யாவையும் தகுதி என்றுதான் சொன்னார். ஆனால் பட்டத்துக்கு முன் ஒவ்வொருவரும், யாருடைய வற்புறுத்தலும் இல்லை, சுயவிருப்பத்தோடு கேட்கிறேன் என்று தன் கையால் எழுதித் தர வேண்டும். நான் காலையிலேயே எழுதிவிட்டேன். அவன் மாலை வரை உட்கார்ந்திருந்தான். தேதி மட்டும் எழுதியிருந்தான்.

"வீட்ல அழைப்பிதழ் அடிச்சாச்சு. ஊரே வருது. இதை எழுதலேன்னா அம்மா செத்துடுவா. எழுதினா பொய்."

என்ன சொல்வது நான்? எழுதுன்னு சொல்றதா? எழுதாதேன்னு சொல்றதா? டீ கொண்டுவந்து வைத்தேன். குடித்தான்.

மார்ச் 26

அம்மாவிடம் நேரில் சொல்ல ஊருக்குப் போயிருக்கிறான். அங்கியை மடித்து என் அலமாரியில் வைத்துவிட்டுப் போனான்.

ஏப்ரல் 14

இன்னய்யா போன் செய்தான். அம்மா ஈஸ்டருக்கு முந்திய பெரிய வாரம் முழுக்கப் பேசவில்லையாம், சாப்பிடவுமில்லை. மாதா முகத்தில் எப்படி முழிப்பேன் என்று ஒரே அழுகை. ஈஸ்டர் அன்று கோயிலில் நெடுநேரம் முழங்காலில் இருந்துவிட்டு வந்து, கோழி அடித்துக் குழம்பு வைத்தாராம்.

"சமாதானம் ஆயிட்டாரா?"

"ஒரேய், ஆயிட்டா. உன் இஷ்டம், போன்னு சொல்லிட்டா. எப்படின்னு எனக்கே தெரியலை."

குரலில் பத்து வயது குறைந்திருந்தது. ரஹீம் பாயிடம் அடுத்த வாரம் சேர்கிறான். தொலைபேசியை வைத்துவிட்டு நான் இரண்டாவது முட்டையும் சாப்பிட்டேன், கேட்டு வாங்கி.

மே 8

திருத்தொண்டர் ஆனேன். நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் கிடந்தபோது பளிங்கு குளிர்ச்சியாக இருந்தது. வேறு எதையும் யோசிக்கவில்லை. நல்ல நாள். விருந்துக்கான காய்கறி முழுவதும் இன்னய்யாவின் உபயம். ஊதா சட்டை போட்டிருந்தான். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி எல்லோரையும் பந்தியில் உட்காரவைத்தான். என் அம்மா, "நல்ல பையன்டா, எப்பவும் இப்படித்தான் இருப்பானா?" என்று கேட்டார். இப்போதுதான் என்றேன்.

ஜூன் 7

பக்கத்துக் கட்டடத்தில், பையன்கள் குருத்துவப் படிப்பைத் தொடங்கும் இளங்குருமடத்துக்குப் புதிய மாணவர்கள் வந்தார்கள். அவர்களை வரவேற்று அறை காட்டும் பொறுப்பு எனக்கு. குண்டூரிலிருந்து பாலசௌரி, வயது பதினாறு, இன்னய்யாவின் தம்பி. பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, அவன் அம்மா மதிய ரயிலுக்குப் போனார்.