ராணி தொடாத மூன்று சட்டங்கள்

என் செல்லத் தம்பிக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. உன் குதிரை ராணி இப்போது தேற்றாத்தீவில், என் மரக்காலையின் பின்வளவில் நிற்கிறாள். கட்டாரில் குதிரை லாயத்தில் வேலை செய்துவிட்டு வந்தவன், பாசிக்குடாக் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றித் திரிய அவளை வாங்கினாய். மரம் விற்கிற அக்காவுக்குக் குதிரை வளர்க்கத் தெரியுமா என்று ஒரு சொல் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம், இல்லையா?

வந்த கிழமையே வேலியைத் தின்னத் தொடங்கினாள். நல்ல தென்னஞ்சட்டமாகப் பார்த்து நான் அடித்த வேலி. ஆணியே வளைகிற மரம். அதைப் பாண் கடிக்கிற மாதிரிக் கடித்தாள்.

கொச்சிக்காய் அரைத்துப் பூசினேன். தும்மித் தும்மித் தின்றாள். தகரம் அடித்தேன். தகரம் இல்லாத இடம் தேடிப் போனாள். கழிவு ஒயில் பூசியபோது மிருக வைத்தியர் என்னைத்தான் ஏசினார். "ஒயில் நஞ்சு அக்கா. மரச் சிராய் குடலில குத்தினாலும் ஆள் தப்பாது."

எனக்குப் பயம் பிடித்தது. உண்மையைச் சொல்கிறேன், கோபிக்காதே. நுவரெலியாவில் குதிரை வைத்திருக்கும் ஒருவருக்கு அவளைக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன். உனக்குப் பிறகு இன்னொரு சாவைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

லொறி வருவதற்கு முதல் நாள் காலை, எந்தெந்தச் சட்டம் பழுது என்று பார்த்துக்கொண்டு போனேன். வாசல் பக்கம் மூன்று சட்டங்களில் ஒரு பல்லடையாளம்கூட இல்லை. அந்த மூன்றும் சட்டம் போதாமல் வெளியில் வாங்கிப் போட்டவை. மற்றதெல்லாம் நம்முடையவை. உளுத்துப்போகாமல் இருக்க நாங்கள் தென்னங்குற்றியை மாதக்கணக்கில் வாவியில் ஊறப்போட்டுத்தானே அறுப்போம்? கடலோடு கலக்கிற வாவித் தண்ணீர் உப்பல்லவா?

குனிந்து ஒரு சட்டத்தை நக்கிப் பார்த்தேன். பிறகு வாசல் சட்டத்தை. உன் அத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன புள்ள, நீயும் தொடங்கிற்றியா?"

"இது உப்புக் கரிக்குது. அது கரிக்கல்ல."

"அதுக்கு ஏன் வேலிய நக்கிற? குசினிக்குள்ள உப்புக் கிடக்குதானே."

ஓடிப்போய் ஒரு சட்டி நிறையக் கல்லுப்பு கொண்டுவந்து வைத்தேன். நக்கினாள், தம்பி. கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நக்கினாள். வேலிப் பக்கம் திரும்பவே இல்லை. அறுத்துக் காய்ந்த சட்டத்தில் ஊறியது எது, ஊறாதது எது என்று இருபது வருடமாக மரம் விற்கிற எனக்கே பார்த்துச் சொல்லத் தெரியாது. அவள் ஒவ்வொன்றாகச் சோதித்துத் தரம் பிரித்து வைத்திருக்கிறாள். இத்தனை நாளும் அதை எனக்குக் காட்டிக்கொண்டே நின்றிருக்கிறாள்.

வைத்தியரிடம் கேட்டேன். உப்புக் குறைந்தால் குதிரை இப்படித்தான் தேடும் என்றார். நீ இதை என்னிடம் சொல்லவே இல்லையா? அல்லது நீ சொன்ன நேரம் நான் யாரிடமோ விலை பேசிக்கொண்டிருந்தேனா?

நுவரெலியாக்காரருக்கு அன்றைக்கே மறுத்துவிட்டேன். ஏசினார். ஏசட்டும். அடியோடு விட்டுவிட்டாள் என்று பொய் சொல்லமாட்டேன். வைக்கோல் பிந்தினால் இன்றைக்கும் ஒரு கடி கடிப்பாள்.

இதுவரை ஆள் வைத்துத்தான் அவளை அவிழ்த்தேன். கிட்டப் போகப் பயம். நாளை முதல் வாவிக்கரைக்கு நானே நடத்திக்கொண்டு போவேன். எங்கேயும் அனுப்பமாட்டேன், தம்பி. அவளுடைய சீவியம் முடியும்வரை என் வளவில்தான்.

உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த
பெரியக்கா