பாயிண்டில் நின்றவனுக்கு

மாப்ள,

மோட்டார் ஒயரில் சுற்றுவதற்காக இன்று காலை புது இன்சுலேஷன் டேப்பைப் பிரித்தேன். அந்த வாசனைக்கு உன் முகம் வந்து நின்றது. துபாய்ப் பக்கம், ராஸ் அல் கைமா லேபர் கேம்ப்பில் டென்னிஸ் பந்துக்கு இதே சிவப்பு டேப்பைத்தானே இழுத்து இழுத்துச் சுற்றுவோம்.

நீ பேட் பிடித்தால் பார்க்கச் சகிக்காது. ஆனால் பாயிண்டில் நின்றால் உன்னைத் தாண்டி ஈ போகாது. வெள்ளிக்கிழமை மேட்சுக்குக் கம்பெனி பஸ், பிரியாணி எல்லாம் உண்டு. மறுநாள் மறுபடி குவாரி. கல் உடைக்கும் கிரஷர் பக்கத்தில் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பாய். இருமல் அப்போதே உன்னைப் பிடித்துவிட்டது.

உன் ஃபீல்டிங்கைப் பார்த்துத்தான் துபாய் சோனாப்பூரில் இருந்த இன்னொரு கம்பெனி உன்னைக் கேட்டது. அவர்கள் டீமுக்கு ஆட வேண்டும், ஸ்டோரில் டியூட்டி, தூசியே கிடையாது. ஆனால் நம் கம்பெனி ரிலீஸ் கொடுத்தால்தான் விசா மாறும். மேனேஜர் உன் தோளைத் தட்டிச் சிரித்தார்.

"ரிலீஸ் மாஃபி, பாய். நீ போனா டீம் கலாஸ்."

ரிலீஸ் கிடையாதாம், நீ போனால் டீமே காலியாம். ஒன்றுக்கும் உதவாதவன் கேட்டால் அன்றே விட்டிருப்பார்கள்.

ஃபைனலுக்குப் போகும் பஸ்ஸில் என் காதருகே வந்தாய். "மாப்ள, இன்னைக்கு வர்ற கேட்சையெல்லாம் விடப்போறேன். லாயக்கில்லாதவன்னு தெரிஞ்சா, தொலைஞ்சு போன்னு விட்ருவான்ல?"

"விடுடா, நல்லா விடு," என்றேன்.

கடைசி ஓவரில் பந்து உன் இடப்பக்கம் பறந்தது. விட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. நீ பாய்ந்து பிடித்தாய். எல்லோரும் ஓடிவந்தோம், நான்தான் உன்னைத் தோளில் தூக்கினேன். இன்னும் ரெண்டு வருஷத்துக்கு இவனுக்கு ரினியூவல் என்று மேனேஜர் கத்தினார். தோளிலிருந்து குனிந்து நீ சொன்னாய்: "கை தானாப் போயிருச்சு மாப்ள."



அந்த ரினியூவல் முடிவதற்குள் படியேறவே மூச்சு வாங்கியது உனக்கு. ஊருக்கு அனுப்பினார்கள். நுரையீரல் முழுக்கக் கல்தூசி என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியிலிருந்து நீ வீடு திரும்பவில்லை.

இப்போது டிவியில் எவனாவது கேட்சை நழுவவிட்டால் என் வீட்டில் எல்லோரும் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு மட்டும் நிம்மதியாக மூச்சு வருகிறது, இவனாவது பிழைத்துக்கொள்வான் என்று.