கசற்றின் இரைச்சல் பக்கம்

தலைமயிரை வெளிற வைக்கும் கிறீமின் மணம் மூன்று நாளாக என் பல்கனியை விட்டுப் போகவில்லை. நீ இருந்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னடாப்பா, சலூன் திறந்திட்டியோ?" என்று கேட்டிருப்பாய். திறக்கவில்லை. உன் பழைய கணினியின் மூடிக்குத்தான் அதைப் பூசி, சாப்பாடு மூடும் பிளாஸ்ரிக் தாளால் சுற்றி, என் மோர்னிங்சைட் வீட்டு வெயிலில் வைத்திருக்கிறேன். மஞ்சளாகிப் போன பழைய பிளாஸ்ரிக் இந்தக் கிறீமும் வெயிலும் சேர்ந்தால் தன் நிறத்துக்குத் திரும்பும். மணிக்கொரு தடவை திருப்பிப் போட வேண்டும், இல்லாவிட்டால் திட்டுத் திட்டாக வெளிறும். வடகம் காயப் போட்ட மனிசி மாதிரி நானும் வெயிலைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே கதிரை போட்டு இருக்கிறேன்.

கிறீம் வாங்கப் போன கடையில் எங்கட தமிழ்ப் பிள்ளை ஒன்று நின்றது. "ஆருக்கு அங்கிள், அன்ரிக்கோ?" என்று கேட்டது. "இல்லைப் பிள்ளை, ஒரு கொம்பியூட்டருக்கு" என்றேன். அவள் என் வழுக்கைத் தலையை ஒருதரம் பார்த்தாள். "பரவாயில்லை அங்கிள், கனபேர் வாங்கிறவை. வெக்கப்படாதேங்கோ" என்று ஆறுதல் சொல்லிப் பையில் போட்டுத் தந்தாள். தாடிக்கு என்று நினைத்தாளோ என்னவோ, அது அவளுக்குத்தான் வெளிச்சம்.

மாசிப் பனியில் நீ கண்ணை மூடினாய். சித்திரை கடைசியில் உன் மகள் அஜக்ஸிலிருந்து போன் எடுத்தாள். "அங்கிள், அப்பாட பேஸ்மென்ற் கிளீன் பண்ணுறன். கீபோர்ட் மாதிரி ஒரு பழைய சாமான் கிடக்கு. ரீசைக்கிளிங்குக்குக் குடுக்கவோ?"

"தொடாதை! இப்ப வாறன்" என்று கத்தினேன். பாவம், பயந்துவிட்டாள்.

பெட்டிக்குள் கணினி இருந்தது, கசற் ரெக்கோர்டர் இருந்தது, அடியில் ஒரு சீலைத் துண்டில் சுற்றிய ஒரு கசற்றும் இருந்தது. "அம்மாவின் அலுமாரியில் இருந்தது" என்று உன் தங்கச்சியின் கையெழுத்தில் ஒரு துண்டுக் கடதாசி. அதைக் கண்டதும் நான் பேஸ்மென்ற் படியிலேயே இருந்துவிட்டேன். எனக்குச் சீனி இறங்கிவிட்டது என்று நினைத்து உன் மகள் தோடம்பழ ஜூஸ் கொண்டு ஓடிவந்தாள். சீனி இல்லை. அந்தக் கசற் உன் கையை விட்டுப் போனது என் பிழை. அதை உனக்கு நான் ஒருநாளும் சொல்லவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக உன்னோடு தேத்தண்ணி குடித்திருக்கிறேன், சீட்டு விளையாடியிருக்கிறேன், உன் மகளின் சாமத்தியவீட்டுச் சடங்கில் வாசலில் நின்று பன்னீர் தெளித்திருக்கிறேன், இதை மட்டும் வாயிலிருந்து விடவில்லை.

வெக்ஸ்போர்ட் பேஸ்மென்ற்றில் நாங்கள் இருவரும் இருந்த காலம். நீ பேக்கரியில் வேலை, நான் மார்க்கம் பக்கம் ஒரு பக்டரியில் மின்பலகைக்கு ஈயம் ஒட்டுகிற வேலை. யாரோ வீட்டு முற்றத்தில் வைத்து விற்ற அந்தக் கணினியை நீ நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாய். விசைப்பலகைக்குள்ளேயே முழுக் கணினியும் அடக்கம். தொலைக்காட்சியில் கொளுவினால் திரை. நாங்கள் பாட்டுக் கேட்கும் அதே கசற்றில்தான் அதன் வேலை எல்லாம் சேமிக்க வேண்டும். அந்தக் கசற்றைச் சாதாரண ரெக்கோர்டரில் போட்டால் பாட்டும் வராது, பேச்சும் வராது. காதைக் கிழிக்கும் ஒரு கீச்சொலிதான் வரும். கணினிக்கு மட்டுமே அது விளங்கும்.

அதில் தமிழ் எழுத்து வரவேண்டும் என்று உனக்கு ஒரு விசர். வேலையால் வந்து மாவும் கழுவாமல் கட்டம் போட்ட கொப்பியோடு இருப்பாய். எட்டுக்கு எட்டுக் கட்டம், ஒவ்வொன்றாகக் கறுப்படித்து ஓர் எழுத்து. 'ட' உனக்கு ஐந்து நிமிடம். 'ஞ' உன்னை நான்கு நாள் அலைக்கழித்தது. "உது ஒரு கட்டத்துக்கை அடங்காது மச்சான், பக்கத்து வீட்டையும் வாடகைக்கு எடுக்க வேணும்" என்று இரண்டு கட்டத்தைச் சேர்த்தாய். 'ஔ'வைக் கடைசி வரை கீறவில்லை. "ஔவையாருக்கு மட்டும்தான் உது தேவை. அவ இஞ்சை வரமாட்டா" என்றாய். மூன்று மாதத்தில் எழுத்தெல்லாம் உள்ளே ஏறியது. கொப்பியைத் தூக்கிக் குப்பையில் போட்டாய். "இன்னொரு கசற்றிலையும் ஒரு பிரதி எடுத்து வையடா" என்று நான் சொன்னேன். "நாளைக்கு" என்றாய்.

அப்போது எங்கள் எல்லோருக்கும் இன்னொரு கசற் பழக்கமும் இருந்தது. ஊருக்குக் கடிதம் எழுதுவதை விட்டு, ஞாயிற்றுக்கிழமை பேசிப் பதிந்து, கொழும்புக்குப் போகிற ஆரிடமாவது கொடுத்து விடுவோம். வீட்டார் கேட்டுவிட்டு, அதே கசற்றில் தங்கள் குரலை மேலே பதிந்து திருப்பி அனுப்புவார்கள். நீ குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உன் அம்மாவோடு ஒரு மணித்தியாலம் பேசுவாய். வெளியே நான் சோற்றைக் கிண்டிக்கொண்டு நிற்பேன். பதிந்து அனுப்ப எனக்கு யாரும் இல்லை. என் அம்மா நான் கனடாவுக்கு வந்த வருடமே போய்விட்டா.

அந்த ஞாயிறு நீ பேசி முடித்து, கசற்றை உறையில் போட்டுத் தொலைக்காட்சிக்கு மேலே வைத்துவிட்டு வேலைக்குப் போனாய். பின்னேரம் ஓர் அண்ணை வந்து வாங்கிப் போவார், அடுத்தநாள் அவருக்குப் பயணம். நான் தனியே இருந்தேன். கை சும்மா கிடக்கவில்லை. உறையைத் திறந்து கசற்றைப் போட்டுக் கேட்டேன். களவுதான், வேறு பெயர் சொல்ல மாட்டேன். நீ உன் அம்மாவிடம் என்ன சொல்கிறாய் என்பதல்ல, ஒரு மகன் "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டு எப்படி அடுத்த சொல்லுக்குப் போகிறான் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. பாதி கேட்டிருப்பேன், வாசல் மணி அடித்தது. அண்ணை நேரத்தோடு வந்துவிட்டார். பதறிப் போய்க் கேட்டதை ரெக்கோர்டரிலிருந்து எடுத்து மேசையில் வைத்தவன், பக்கத்தில் கிடந்த உன் எழுத்துக் கசற்றை உறைக்குள் திணித்துக் கொடுத்திருக்கிறேன். இரண்டும் ஒரே பெட்டியில் வாங்கியவை, ஒரே நிறம்.

மூன்றாம் நாள் நீ எழுத்துகளை ஏற்றுவதற்குக் கசற்றைப் போட்டாய். கணினி பேசாமல் நின்றது. ரெக்கோர்டரின் சத்தத்தைக் கூட்டினாய். "...குளிருக்கு ரெண்டு சோடி சொக்ஸ் போடுறனான் அம்மா" என்று உன் குரலே நடுவிலிருந்து வந்தது. ரெக்கோர்டரை நிறுத்தினாய். பிறகு, "நான்தான் மாறி வைச்சிட்டன் போல" என்றாய். நான் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. ஊர்ப் பாதை கொஞ்சக் காலம் பூட்டிக் கிடந்தது; திறந்த பிறகு மற்றக் கசற்றுகள் வந்தன, அந்தக் கசற் மட்டும் திரும்பி வரவே இல்லை. "அம்மா அதுக்கு மேலை பதிஞ்சு அழிச்சிருப்பா. இன்னொருக்கா ஏலாது மச்சான்" என்று கணினியைப் பெட்டிக்குள் வைத்தாய். பிறகு நீ இரண்டு வேலைக்குப் போனாய், கலியாணம் கட்டினாய், அஜக்ஸில் வீடு வாங்கினாய். எழுத்துப் பக்கம் திரும்பவே இல்லை.

ஆகையால் இந்தக் கோடையில் நான் செய்கிற வேலை வெறும் பொழுதுபோக்கு இல்லை. இந்தக் கசற்றிலிருந்து உன் எழுத்துகள் வராவிட்டால் நான் கெடுத்தது கெடுத்ததுதான்.

மின்பலகையைக் கழற்றினேன். ஊதிப் போயிருந்த மின்தேக்கிகளை எடுத்துவிட்டுப் புதியவை வைத்தேன். கை நடுங்கினாலும் ஈயம் இன்னும் என் சொற்கேட்கிறது. பழைய மின்வழங்கி செங்கல் மாதிரிச் செத்துக் கிடந்தது, அதற்குப் புதிது. இப்போதைய தொலைக்காட்சியில் படம் தெரிய ஒரு சின்னப் பலகை, இனிமேல் கசற்றே தேவைப்படாமல் நகத்தளவு அட்டையில் சேமிக்க இன்னொன்று. "உதுக்குப் பழைய கோதுக்குள்ளை புதுக் கொம்பியூட்டரையே வைக்கலாமே அங்கிள்?" என்று உன் மகள் கேட்டாள். "உன்ர அப்பாவின்ர எழுத்து புதுசுக்கு விளங்காது பிள்ளை" என்றேன்.

இவ்வளவும் எழுதி வைத்த பிறகு, வெளிறிய மூடியைப் பூட்டிய சனிக்கிழமை காலை அவளையும் வரச்சொன்னேன். கணினியில் கொளுவ முதல், நாடா ஓடுகிறதா என்று பார்க்க, கசற்றின் மறுபக்கத்தை ரெக்கோர்டரில் போட்டேன். அங்கே இரைச்சல் இல்லை. உன் அம்மா பேசினா.

"தம்பி, நீ அனுப்பினது வந்தது. ஒரு சொல்லும் விளங்கேல்லை ராசா, ஒரே இரைச்சல். உங்கை உப்பிடியே காத்து அடிக்கிறது? உந்தக் காத்துக்கை நிண்டே எனக்குப் பேசினனீ? காதை மூடித் தொப்பி போடு. நீ நிக்கிற இடத்துச் சத்தமெண்டு அதை நான் அழிக்கேல்லை. மற்றப் பக்கத்திலை பேசிறன்."

உன் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர். அவள் தன் அப்பம்மாவின் குரலைக் கேட்பது அதுதான் முதல்தடவை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா போனபிறகு உன் தங்கச்சி அலுமாரியிலிருந்து எடுத்து அனுப்பியபோது நீ இதைக் கேட்டிருப்பாய். அப்போது கணினி செத்துப்போயிருந்தது, சரி. ஆனால் ஈயம் ஒட்டத் தெரிந்தவன் நான் இருந்தேனே, ஏன் என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு இரைச்சல் பக்கத்தைப் போட்டோம். முதல்தரம் பிழை. இரண்டாம் தரமும் பிழை. மூன்றாம் தரம் பாதி ஏறிப் பிழை என்றது. என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பிறகுதான் புத்தி வந்தது: நாடாவைத் தொடுகிற தலை கொஞ்சம் சாய்ந்திருந்தால் கீச்சொலி மழுங்கும். சின்னத் திருகாணியைக் கடுகளவு கடுகளவாகத் திருப்பினேன். என் காது இப்போது அவ்வளவு கேட்காது, உன் மகள்தான் கேட்டுச் சொன்னாள். "இன்னும், இன்னும்... ஸ்டொப் அங்கிள்! இப்ப நல்லாக் கீச்சிடுது."

ஏழு நிமிடம். கீச்சொலி ஓடி முடிந்தது. பிறகு திரை ஒருதரம் வெறுமையாகி, மேலே இடது மூலையில் அ வந்தது. பிறகு ஆ. வரிசையாக, கொஞ்சம் கோணலாக, உன் ஞ இரண்டு கட்டத்தில் காலை நீட்டிக்கொண்டு, எல்லாம் வந்தன. ஔ மட்டும் இல்லை. நான் வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டே உன் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், களவாகக் கேட்டது, மணி அடித்தது, மாறிக் கொடுத்தது, சொல்லாமல் விட்டது எல்லாம்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அது எனக்குத் தெரியும் அங்கிள். அப்பா சொன்னவர்."

"என்ன சொன்னவர்?"

"தான் எப்பவும் முழுசா ரீவைண்ட் பண்ணித்தான் உறையிலை வைக்கிறவராம். அது நடுவிலை நிண்டதாம். அங்கிள்தான் கேட்டிருக்கிறார், அவருக்கு அம்மா இல்லை, கேட்டா வெக்கப்படுவார் எண்டு விட்டவராம். என்னையும் கேக்கக் கூடாது எண்டவர்."

அப்போதுதான் கசற் மாறிய நாளுக்கு அடுத்த ஞாயிறு எனக்கு ஞாபகம் வந்தது. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிற நீ, அன்று ரெக்கோர்டரைத் தூக்கிக்கொண்டு நடு அறைக்கு வந்து இருந்தாய். பேசி முடித்துவிட்டு மைக்கை என் பக்கம் நீட்டினாய். "அம்மாவுக்கு ஏதாவது சொல்லன் மச்சான்." "சுகமா இருக்கிறம் அம்மா" என்றேன். அதன் பிறகு உன் அம்மா போகும் வரை, ஞாயிறு தவறாமல், கடைசி வசனம் என்னுடையது. திரும்பி வந்த கசற்றுகளில் "மற்றப் பிள்ளை சாப்பிடுறானோ?" என்று அவ கேட்பா. நான் சட்டியைக் கிண்டிக்கொண்டே கேட்டுக்கொண்டு நிற்பேன். உனக்குத் தனியே பேசிச் சலித்துவிட்டது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். நான் ஒரு மடையன்.

உன் எழுத்துகள் இப்போது அந்த அட்டையில் மூன்று பிரதி இருக்கின்றன. உன் மகள் கட்டம் போட்ட கொப்பி ஒன்று வாங்கி ஔ கீறுகிறாள். அவளுக்கு மூன்று கட்டம் தேவைப்படுகிறது, திட்டாதே. மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கினேன். நான் கேட்க முதலே நீ அதைத் தந்து, அதற்கு மேலே ஓர் அம்மாவையும் தந்துவிட்டுப் போயிருக்கிறாய். இனி நான் என்னத்தைக் கேட்பது?

நேற்று ஞாயிறு. உன் மகளுக்குப் போன் எடுத்து, "சுகமா இருக்கிறம் பிள்ளை" என்றேன். "இதைச் சொல்லத்தானோ எடுத்தனீங்கள் அங்கிள்?" என்று சிரித்தாள். ஓம், இதைச் சொல்லத்தான் என்றேன். அடுத்த ஞாயிறும் எடுப்பேன்.