செவ்வந்தி கொழும்புக்குப் போன கிழமை

அக்டோபர் 2, புதன்

காலையிலிருந்தே மழை. ரப்பர் மரமெல்லாம் ஈரம், பால் வெட்டு இல்லை. பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தோம்.

நேற்று டீவியில் ‘பதினோராம் லயம்’ நாடகம் பார்த்ததை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. எங்களைப் போன்ற ரப்பர் தோட்டத்துக் கதை என்று விளம்பரம் போட்டார்கள். செவ்வந்தி உச்சி வெயிலில் பால் வெட்டுகிறாள். உச்சி வெயிலில்! அந்த நேரத்தில் மரத்தில் என்ன இருக்கிறது? நாங்கள் விடிந்ததும் வெட்டி முடித்து, பாலைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு, சோறும் தின்றிருப்போம். அவள் கத்தி பிடிக்கிற பிடியில் வெங்காயம்தான் நறுக்கலாம். வாளியைக் குடம் மாதிரி இடுப்பில் வைத்திருக்கிறாள். தலையில் பூ வேறு.

“இந்தப் புள்ள வெட்டுன மரம் மூணு மாசத்துல செத்துரும்” என்றாள் சுப்பம்மா அண்ணி. எங்கள் லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பரா; நடுவில் ஒரு சுவர்தான். ஏழரை மணிக்கு அவளும் அவள் மகள் ஷாமிளாவும் எங்கள் டீவிக்கு முன்னால் வந்துவிடுவார்கள்.

எட்டரைக்குப் போகும் சிங்கள நாடகத்தைப் பார்த்தாவது இவர்கள் படிக்கலாம். அதில் சாப்பிடுகிறவன் உண்மையாகவே சாப்பிடுகிறான். ஒருத்தி கோபித்துக்கொண்டால் கதவைச் சாத்திவிட்டுத் துணி துவைக்கப் போகிறாள். மேளம் அடிப்பதில்லை.

நான் இப்படி எழுதி வைப்பதைப் பார்த்து என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். “நாடகத்துக்கு மார்க் போடுற ஒரே பால் வெட்டுக்காரி நீதான்.” இருக்கட்டுமே.

அக்டோபர் 4, வெள்ளி

‘மருதாணி வீடு’: மூன்றாவது கிழமையாக அதே கல்யாணம். மாப்பிள்ளை கையில் தாலியோடு நிற்கிறான். கை வலிக்காதா?

அக்டோபர் 7, திங்கள்

இன்று ‘பதினோராம் லயம்’ நன்றாக இருந்தது. ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

செவ்வந்திக்கு ஓ.எல். பரீட்சை ரிசல்ட் போனில் வருகிறது. எல்லாப் பாடமும் பாஸ். தகப்பனாக நடிப்பவர் ஒரு வார்த்தை பேசவில்லை. போனை வாங்கினார், சட்டையில் துடைத்தார், மறுபடியும் பார்த்தார். அவ்வளவுதான். அது நடிப்பு.

ஷாமிளாவுக்கும் போன கிழமைதான் ரிசல்ட் வந்தது. ஐந்து ஏ, மூன்று பி, ஒரு சி. இந்த லயத்தில் இதுவரை யாரும் எடுக்காதது. அந்தக் காட்சி ஓடும்போது ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தேன். “அத்தை, அவரு போன தொடைச்ச எடத்துல மியூசிக் போடாம விட்டாங்க பாருங்க” என்றாள். எனக்குத் தோன்றாததெல்லாம் அவளுக்குத் தோன்றுகிறது.

பத்துக்கு எட்டு.

அக்டோபர் 9, புதன்

அழுது கண்ணெல்லாம் வீங்கிவிட்டது.

தம்பி படிக்க வேண்டும் என்று செவ்வந்தி தன் படிப்பை விட்டுவிட்டுக் கொழும்பில் வீட்டு வேலைக்குப் போகிறாள். பஸ் ஏறும்போது அந்தப் பாட்டு! அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் வாய்விட்டே சொன்னேன்: “எப்பேர்ப்பட்ட புள்ள! பெத்தா இப்படி ஒண்ணு பெக்கணும்.” வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கன்னையா அண்ணன் கூட — அவர் ஷாமிளாவின் அப்பா, நாடகம் என்றாலே சிரிப்பவர் — மூக்கை உறிஞ்சினார்.

ஷாமிளா பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். தலைவலியாக இருக்கும்.

பத்துக்கு ஒன்பது.

அக்டோபர் 10, வியாழன்

தலைவலி இல்லை.

கன்னையா அண்ணன் பின்னேரம் வந்து வாசலில் உட்கார்ந்தார். பெக்டரியில் ரப்பர் சீட் உருட்டிவிட்டு வந்த கையோடு, அதே உடுப்போடு. “தங்கச்சி, ஷாமிளாவ கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பலாம்னு இருக்கேன். புரோக்கர் வாற திங்கக்கெழம வருவான். நல்ல வீடாம். ரெண்டு பேரு மட்டுந்தானாம்.”

“படிப்பு?” என்றேன்.

“அவ தங்கச்சிமாரு ரெண்டு பேரு இருக்காங்களே. எல்லாரையும் எப்பிடிம்மா படிக்க வைக்கிறது? நேத்து பாத்தீங்கதானே. அந்தப் புள்ள போகலையா? நீங்களே சொன்னீங்க, பெத்தா இப்படிப் பெக்கணும்னு.”

தேத்தண்ணி ஊற்றப் போகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

நான் தானே சொன்னேன். ஷாமிளா பக்கத்துலயே ஒக்காந்திருக்கா, நான் அவ காதுல விழுற மாதிரி சொல்றேன் — போ, போனாத்தான் நல்ல புள்ளன்னு. அவ எழும்பிப் போனது கூட எனக்கு வெளங்கல. என்னத்த நாடகம் பாக்குறேன் நான்? என்னத்த மார்க் போடுறேன்?

அக்டோபர் 11, வெள்ளி

மழை விட்டது. வேலைக்குப் போகுமுன்னே எழும்பி, செவ்வந்தி பஸ் ஏறும் அந்தப் பகுதியைப் போனில் மறுபடியும் பார்த்தேன். இரண்டு தரம். இந்த முறை அழவில்லை, எண்ணினேன்.

செவ்வந்தி பேசுவது மொத்தம் மூன்று வசனம். மூன்றும் “சரிப்பா.” அவளுக்கு என்ன விருப்பம் என்று ஒருவர் கூடக் கேட்கவில்லை. தாய் கேட்கவில்லை, ஆசிரியை கேட்கவில்லை. எழுதியவரும் கேட்கவில்லை. நான் கேட்டேனா? பாட்டு போட்டதும் அழுதேன்.

நேற்றுப் போன பகுதி அதைவிட மோசம். கொழும்பில் பெரிய கேட் ஒன்று திறக்கிறது, அவள் உள்ளே போகிறாள், கேட் மூடுகிறது. ‘ஐந்து மாதங்களின் பின்னர்’ என்று எழுத்து வருகிறது. புதுச் சட்டையோடு சிரித்துக்கொண்டு லீவில் வீட்டுக்கு வருகிறாள். இடையிலே? அந்த ஐந்து மாதத்தில் என்ன நடந்தது? அதைத்தான் காட்டவில்லை.

ஒன்பது என்று போட்டதை வெட்டிவிட்டேன். தகப்பனுக்காக வேண்டுமானால் ஒன்று.

பால் வெட்டும்போது அண்ணியிடம் அந்த ஐந்து மாதத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் கத்தியை மரத்திலிருந்து எடுக்கவில்லை. “எனக்குத் தெரியும் குமாரி” என்றாள். அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள்.

நாளை ஐந்து மணிக்கு அந்தச் சேனலில் நேயர்கள் போன் எடுத்துப் பேசும் நிகழ்ச்சி. இயக்குநரும் எழுத்தாளரும் வருகிறார்களாம். எடுத்துப் பார்க்கட்டுமா? என்னைப் போன்ற ஆளோடு பேசுவார்களா?

அக்டோபர் 12, சனி

 ஒன்றையும் விடாமல் எழுதிவிடுகிறேன்.

இவர்தான் நம்பரை அடித்துக்கொண்டே இருந்தார். பதினேழாவது தரம் லைன் விழுந்தது. அறிவிப்பாளர் பெண், “வணக்கம், யார் பேசுறீங்க, எங்கே இருந்து?” என்றாள்.

“கிருஷ்ணகுமாரிங்க. புளத்கொகுபிட்டிய பக்கம் தோட்டத்துல இருந்து. பால் வெட்டுறேங்க.”

முதலில் நல்லதைச் சொன்னேன் — தகப்பன் போன் துடைத்ததை. பிறகு உச்சி வெயிலில் பால் வெட்டியதைச் சொன்னேன். ஸ்டூடியோவே சிரித்தது. எனக்கும் தைரியம் வந்துவிட்டது. “செவ்வந்தி கொழும்புக்குப் போனாளே, அதுதாங்க எனக்குப் புடிக்கல” என்றேன்.

இயக்குநர் சிரித்தபடி சொன்னார்: “அம்மா, அது ஒரு தியாகம். எங்க நாடகத்திலேயே அந்தப் பகுதிக்குத்தான் கூடப் பேர் அழுதிருக்காங்க.”

“நானும் அழுதேங்க. அதாங்க எனக்குப் பயமா இருக்கு. நீங்க போட்ட பாட்டக் கேட்டுட்டு எங்க லயத்துல ஒரு புள்ளைய —”

 கன்னையா அண்ணன் வாசலில்தான் நிற்கிறார். ஷாமிளா சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள். டீவியில் இயக்குநர், “ஹலோ? ஹலோ?” என்கிறார்.

அண்ணி கையை நீட்டி என்னிடமிருந்து போனை வாங்கினாள்.

“ஐயா, நான் சுப்பம்மா பேசுறேன். நான் பன்னெண்டு வயசுல கொழும்புக்கு வேலைக்குப் போனவ. ஒங்க நாடகத்துல அந்தப் பெரிய கேட்ட மூடுனதும் அஞ்சு மாசம் போயிருச்சு. எனக்கு நாலு வருசம் ஒவ்வொரு நாளாத்தான் போச்சு. குசினிக்குப் பின்னால ஒரு சாக்குலதான் படுக்கை. அந்த வீட்டுப் புள்ளைங்க முன்னால சத்தம் போட்டுப் படிக்கும். நான் சட்டி கழுவிக்கிட்டே கேப்பேன். அதுங்க படிச்ச பதினாறாம் வாய்ப்பாடு எனக்கு இன்னும் பாடம். என் பேர எழுதத் தெரியாது. நான் யாருக்காகவும் தியாகம் பண்ணலங்க. என்னைய அனுப்புனாங்க. யாரும் எனக்குப் பாட்டுப் போடல.”

டீவியில் அறிவிப்பாளர் தாளைத் திருப்பினாள். அப்போது இயக்குநருக்குப் பக்கத்தில் அதுவரை வாய் திறக்காமல் இருந்த பெண் மைக்கைக் கிட்ட இழுத்தாள். அவள்தான் எழுத்தாளர், கஜந்தினி. யாழ்ப்பாணப் பேச்சு.

“அம்மா, போனை வையாதேங்கோ. அதை எழுதினது நான்தான். பிழை விட்டிட்டன். உங்களை நான் வந்து பார்க்கலாமோ?”

அண்ணி, “வாங்க. விடிய வாங்க, அப்பத்தான் பால் இருக்கும்” என்றாள்! நாங்கள் சிரித்தோமா அழுதோமா என்று தெரியவில்லை. இவர் கை தட்டினார். லயத்தில் இரண்டு காம்பரா தள்ளி யாரோ விசில் அடித்தார்கள். எல்லா டீவியிலும் அதேதான் ஓடியிருக்கிறது.

கன்னையா அண்ணன் மட்டும் அசையாமல் நின்றார். அண்ணி கொழும்பில் இருந்தவள் என்று அவருக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. இருபது வருடக் குடும்பம்.

“பன்னெண்டு வயசுலயா?” என்றார்.

“நீங்க கேக்கவே இல்லையே” என்றாள் அண்ணி.

அக்டோபர் 13, ஞாயிறு

பக்கத்துக் காம்பராவில் காலையிலிருந்து சத்தமே இல்லை. சண்டைச் சத்தமும் இல்லை. போய்க் கேட்கவா? வேண்டாம்.

பத்து மணி போல கன்னையா அண்ணன் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நின்று புரோக்கருக்குப் போன் எடுத்தார். நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். சிங்களத்தில்தான் பேசினார். நீட்டி முழக்கவில்லை.

“எயா இஸ்கோலே யனவா.”

பள்ளிக்கூடம் போகிறாளாம்! ‘போகப் போகிறாள்’ என்றுகூடச் சொல்லவில்லை. போகிறாள். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே போய்விட்டார்.

அலசின துணியையே மறுபடியும் மூன்று தரம் அலசினேன்.

அக்டோபர் 14, திங்கள்

பெரட்டில் எல்லோரும் அண்ணியைச் சுற்றி நின்றார்கள். கணக்கப்பிள்ளை, “சுப்பம்மா, டீவியில எல்லாம் பேசுறீங்க, நாளைக்கு நம்ம கூடப் பேசுவீங்களா?” என்றார். “நீங்க ஒழுங்காப் பேசுனா பேசுவேன்” என்றாள். இப்படிப் பேசுகிறவளா இவள்?

இவர் மாவனல்லையில் வேலை செய்யும் டயர் கடையிலும் பார்த்திருக்கிறார்கள். கடை முதலாளி புவாட் வருகிறவர்களிடமெல்லாம், “அது எங்கட சதீஸ்ட பொஞ்சாதி” என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். போன மாதம்வரை அவருக்கு நான் நாடகப் பைத்தியம். இன்றைக்கு எங்கட சதீஸ்ட பொஞ்சாதி!

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

ஷாமிளாவுக்குக் கேகாலைப் பள்ளிக்கூடத்தில் ஏ.எல். படிக்க இடம் கிடைத்துவிட்டது. கலைப் பிரிவு. நாடகமும் ஒரு பாடமாக எடுக்கிறாள். “நாடகமா? அதையும் படிக்கிறாங்களா?” என்று கன்னையா அண்ணன் என்னைப் பார்த்து முறைத்தார். நான் பலகாரத் தட்டை நீட்டினேன்.

நவம்பர் 16, சனி

கஜந்தினி சொன்னபடியே வந்தார். விடியுமுன்னே டவுனுக்கு வந்து, அங்கிருந்து ஆட்டோவில்.

அண்ணி அவர் கையில் கத்தியைக் கொடுத்தாள். மரத்தில் ஆழமாக இறங்கிவிட்டது. “இப்பத்தான் அச்சு அசலா ஒங்க செவ்வந்தி மாதிரியே வெட்டுறீங்க.” அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அட்டை கடித்ததற்கும் சிரித்தார். நல்ல பிள்ளை.

பிறகு எங்கள் வாசலில் உட்கார்ந்து கொப்பியைத் திறந்தார். “செவ்வந்தியைத் திருப்பிக் கொண்டுவர வேணும். எப்பிடி எண்டு தெரியேல்லை அக்கா. ஆரும் பணக்காரர் வந்து கூட்டிக்கொண்டு வரலாமோ?”

“வேணாங்க” என்றேன். “அந்தப் பெரிய கேட்ட அவளே தொறந்துக்கிட்டு வரட்டும். யாரும் கேக்காமலே அவ சொல்லட்டும். ‘எனக்குப் படிக்கணும்.’ அவ்வளவுதான். அழக் கூடாது.”

எழுதிக்கொண்டார். நான் சொன்னதை ஒருவர் எழுதிக்கொள்வதை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

ஜனவரி 22, புதன்

வந்தது. செவ்வந்தி கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். வசனத்தைச் சொன்னாள்.

அழுதுகொண்டே சொன்னாள்! கஜந்தினியிடம் போனில் எத்தனை தரம் சொன்னேன், அழக் கூடாது என்று. ஒரு சொட்டு — ஆனாலும் ஒரு சொட்டு. மற்றபடி விடியற்காலையில் பால் வெட்டுகிறார்கள், தலையில் பூ இல்லை. பாட்டும் இல்லை. பஸ்ஸின் சத்தம் மட்டும்தான். பத்துக்கு எட்டு. எனக்குப் பிடித்த எட்டு.

கடைசியில் பெயர்கள் ஓடின. ‘கதை ஆலோசனை: கிருஷ்ணகுமாரி, சுப்பம்மா.’ லயம் முழுக்கச் சத்தம். அண்ணி, “எது என் பேரு? எது?” என்று கேட்பதற்குள் ஓடிவிட்டது. ஷாமிளா போனில் எடுத்து அதே இடத்தில் நிறுத்தி, அவள் விரலைப் பிடித்து எழுத்தின்மேல் வைத்தாள். சு. ப். ப. ம். மா.

“இவ்வளவு சின்னதா?” என்றாள்.

மார்ச் 11, செவ்வாய்

புதிதாக ஒரு நாடகம் தொடங்கியிருக்கிறது, ஆஸ்பத்திரிக் கதை. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் வைக்காமலே இருதயத்தில் கோளாறு என்கிறார். நானும் அண்ணியும் போட்டி போட்டுக்கொண்டு திட்டினோம். எங்கள் சத்தம் டீவியை மிஞ்சிவிட்டது போலிருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கன்னையா அண்ணன் இரண்டு தட்டுத் தட்டினார்.

“தங்கச்சி, சத்தத்தக் கொறைங்க. புள்ளைக்கு நாளைக்குப் பரீட்சை. படிக்குது.”

அண்ணி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை முழுவதுமாக நிறுத்திவிட்டாள். மீதியை வாயசைவில்தான் பார்த்தோம். என்ன பேசினார்கள் என்று ஒன்றும் விளங்கவில்லை. நல்ல பகுதி.