தனம் என்று கீறிய பக்கிள்

காலையிலிருந்து அந்தப் பொட்டலம் மேஜைமேல் கிடக்கிறது. நான் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். இரண்டு முறை டீ போட்டாயிற்று. சத்தமே போடாத வாசல் கேட்டுக்கு எண்ணெய் விட்டாயிற்று. செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பியும் வந்தாயிற்று. "இன்னா, ஒரு எடத்துல குந்த மாட்டீங்களா? உங்கள பாத்துக்கினு இருந்தா எனக்கே தல சுத்துது" என்று என் வீட்டுக்காரி சத்தம் போட்டுவிட்டு மாடிக்குத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

நேற்று உன் வீட்டுக்காரி கொண்டுவந்து கொடுத்தாள். உன் காரியம் முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது. பாவம், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வல்லம் வடகால் வரைக்கும் இரண்டு ஷேர் ஆட்டோ மாறி வந்திருக்கிறாள். "அண்ணா, இத்த ஒங்க கையிலதான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போனாரு. நான் பிரிச்சிப் பாக்கல" என்றாள். வாங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. என் கை எடை போட்டுப் பழகிய கை அல்லவா? பித்தளை. உள்ளங்கையில் அடங்குகிற பித்தளை. பழைய வேட்டித் துணியில் சுற்றி, கடையில் கட்டுகிற மாதிரியே நூல் கட்டியிருக்கிறாய். துணியிலிருந்து தேங்காய் எண்ணெய் வாசனை வருகிறது.

உள்ளே இருப்பது 'தனம்' என்று கீறிய பெல்ட் பக்கிள். அதில் சந்தேகம் இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. நான் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். அது பொய் என்று தெரிந்து செத்தாயா, தெரியாமலே செத்தாயா? அதுதான் என்னை உட்காரவிடாமல் அடிக்கிறது.

பாத்திரக் கடையில் நீ வாசலில், நான் உள்ளே. நீ சாக்கு விரித்து உட்கார்ந்து, சின்ன உளியால் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டுவாய். குடத்தில் வீட்டுக்காரர் பேர், சீர்ப் பாத்திரத்தில் கொடுத்தவர் பேர், அதன் பின்னால் 'அன்பளிப்பு', கடைசியில் வருஷமும் மாதமும். நான் பழைய பித்தளையை எடை போட்டு மூட்டை கட்டுவேன். பழசைப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிப் போகிற ஊர் நம்முடையது. உருக்குகிற இடத்துக்குப் போக வேண்டிய மூட்டைகள் நாலைந்து கடைக்குப் பின்னால் எப்போதும் நிற்கும். மாதம் ஒரு முறைதான் லாரி வரும்.

அப்படி ஒருநாள் ஒரு அம்மா கொண்டுவந்த ஓட்டைக் குடத்துக்குள் ஏதோ கலகலவென்றது. கவிழ்த்தால் ஒரு பக்கிள். பட்டாளத்துக்காரர் பெல்ட்டில் முன்னால் பூட்டுகிறது. மேலே கிரீடம், சுற்றிலும் ஆங்கில எழுத்து. நான் மூட்டையில் எறியப் போனேன். "டேய் ஏழுமல, இரு இரு, அத்த இப்டிக் குடு" என்று கை நீட்டினாய். முன்பக்கத்தை நீ பார்க்கவே இல்லை. திருப்பினாய். பின்பக்கம் எவனோ ஆணியால் கீறிவைத்த நம்பர். அன்றைய கூலிக்குப் பதிலாக அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாய். முதலாளி உன்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அதோடு விட்டாயா? வெள்ளிக்கிழமை வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டுப் பல்லாவரம் சந்தைக்கு ஓடுவாய், என்னையும் இழுத்துக்கொண்டு. ஓடாத ஃபேன், வாய் உடைந்த ரேடியோ, ஒற்றைச் செருப்பு, இதற்கெல்லாம் நடுவில் குந்தி நீ பக்கிள் தேடுவாய். யானை போட்டது, நங்கூரம் போட்டது, ஊதுகொம்பு போட்டது. கடைக்காரன் முன்பக்கத்தைத் துடைத்துத் துடைத்துக் காட்டுவான். நீ பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, கீறல் இல்லாவிட்டால் வைத்துவிடுவாய். "முன்பக்கம் சர்க்காரோடது, பின்பக்கம்தான்டா ஆளோடது" என்பாய். நல்லது செய்கிறேன் பேர்வழி என்று ஒருமுறை நான் ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். கீறலில் பாதி போய்விட்டது. இரண்டு நாள் நீ என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், "எண்ணெய தொட்டுத் தொடச்சி வெய், அது போதும். அந்த ஆளு கீறுன எடத்துல புளியும் படக் கூடாது, என் உளியும் படக் கூடாது" என்றாய். பேர் வெட்டுவதே பிழைப்பாக இருந்தவன் நீ. அந்தப் பின்பக்கங்களில் மட்டும் கை வைக்க மாட்டாய்.

இருபத்து மூன்று சேர்ந்தது. மூடி நசுங்கி விலைபோகாத ஒரு எவர்சில்வர் தூக்கில் போட்டு வைத்திருந்தாய். இருபத்து மூன்றில் உனக்கு உயிர், தனம். மற்றதெல்லாம் நம்பரும் ஆங்கில எழுத்தும். இது ஒன்றில்தான் கோணல்மாணலாகத் தமிழில் 'தனம்'. பொண்டாட்டியா இருக்கும் என்றேன். "போடா. பொண்டாட்டி பேர பெல்ட்டுல எழுதிக்கினா கூட வேல பாக்கறவனுங்க சும்மா வுடுவானுங்களா? பொண்ணுடா. இன்னும் மூஞ்சியே பாக்காத பொண்ணு" என்றாய். உன் வீட்டுக்காரிக்கு அப்போது ஏழு மாதம். நமக்குப் பெண் பிறந்தால் இந்தப் பேர்தான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாய்.

அந்த வருஷம் 1991. மே மாதம் நம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை, உலகத்துக்கே தெரியும். அதற்கப்புறம் நம் தெரு இருந்த இருப்பு நமக்குத்தான் தெரியும். லாட்ஜ் லாட்ஜாக விசாரணை. பஸ்ஸில் ஏறினால் பையைப் பிரித்துப் பார்த்தார்கள். டீக்கடையில் பெல்ட் பாம், பெல்ட் பாம் என்று ஒரே பேச்சு. நீ அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் சிங்கப்பெருமாள் கோவிலில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தாய். "வூட்ட பூட்டிக்கினு போறேன். தூக்க நீ பத்திரமா வெச்சிக்கோடா" என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாய். பத்திரமா!

பக்கத்து லாட்ஜை முடித்துவிட்டு இரண்டு பேர் நம் கடைக்கும் வந்தார்கள். யார் யார் வேலை செய்கிறீர்கள், எந்த ஊர் என்று கேட்டு எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு அதட்டல்கூட இல்லை. ஆனால் அவர்கள் தெருமுனை திரும்பும்வரை நான் தராசை விட்டு நகரவில்லை. தராசுக்குக் கீழே தூக்கில் இருபத்து மூன்று பட்டாள பெல்ட் பக்கிள். ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். பின்பக்கத்தின் அழகுக்காக வைத்திருக்கிறோம் சார் என்றால் எவன் நம்புவான்? பித்தளையோடு பித்தளையாகக் கிடந்தால் யாருக்குத் தெரியும் என்று என் மூளை வேலை செய்தது. தூக்கை மூட்டைக்குள் கவிழ்த்தேன். தனத்தை மட்டும் விட மனசு வரவில்லை. அதைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மூட்டையைத் தைத்துவிட்டு, அம்மாவை ஒரு எட்டுப் பார்த்து வரலாமென்று வீட்டுக்குப் போனேன்.

மூன்று மணிக்குத் திரும்பினால் கடைக்குப் பின்னால் வெறும் தரை. முதலாளி பூட்டைத் தேடிக்கொண்டிருந்தார். "எப்ப இன்னா ஆவும்னு தெர்ல ஏழுமல. ஒரு வாரம் கட சாத்தறேன். மூட்டையெல்லாம் ஏத்தி அனுப்ச்சிட்டேன்" என்றார். மாதத்துக்கு ஒருமுறை வருகிற லாரியைத் தேதிக்கு முன்னால் அன்றைக்கென்று பார்த்து வரவழைத்திருக்கிறார். அவருக்கும் என்னை மாதிரியே பயம். பின்னாலேயே ஓடலாமென்றால் அந்தப் பக்கம் போகிற பஸ்ஸை நிறுத்திவைத்திருந்தார்கள். பஸ் வந்து, உருக்குகிற இடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மூன்று நாள் ஆகியிருந்தது. அங்கே என் மூட்டை இல்லை.

நீ திரும்பி வந்து முதலில் கேட்டதே தூக்கைத்தான். உருகிப் போச்சுடா என்று சொல்ல வாய் வரவில்லை. "பயத்துல ஏரில போட்டுட்டேன்டா" என்றேன். ஏரி என்றால் என்றைக்காவது கிடைக்கும் என்று உனக்கு ஒரு ஆறுதல் இருக்கும் என நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். என் மூட்டை, என் தையல், என் புத்தி கெட்ட வேலை என்று ஒப்புக்கொள்ள வெட்கமாகவும் இருந்தது. நீ திட்டவில்லை. "எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டாய். "மதகுக்கு இந்தாண்ட, வேப்பமரத்துக்கு நேரா." பொய்க்கு இடம்கூடக் குறித்துக் கொடுத்தேன் பார், அதுதான் என் தலையெழுத்து.

அடுத்த சித்திரையில் ஏரி வற்றியது. நீ கடப்பாரையோடு என் வாசலில் நின்றாய்.

வெடித்த சேற்றை நீ குத்திக் கிளற, நான் கையால் அள்ளிப் பார்க்க, ஆடு மேய்க்கிறவர்கள் கரையில் நின்று, "இன்னாபா, பொதையலா? எங்களுக்கும் பங்கு குடுங்க" என்று சிரித்தார்கள். இல்லாத பொருளை நான் எவ்வளவு அக்கறையாகத் தேடினேன் தெரியுமா? விரல் நகத்தில் ரத்தம் வரும். வெயில் ஏறியதும் மதகின்மேல் உட்காருவோம். நீ தோண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டே, "வேற ஏதாவது கீதாடா?" என்பாய். "ஒண்ணும் இல்லடா, வா போலாம்" என்பேன். உன் மகள் பிறந்து, தனம் என்றே பேர் வைத்திருந்தாய். "தனம், ஏழுமல மாமாவுக்குத் தண்ணி குடும்மா" என்று நீ கூப்பிடும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று குத்தும். என் பெட்டிக்குள் எண்ணெய்த் துணியில் சுற்றி இன்னொரு தனம் இருந்தாளே!

நாலாவது கோடையில் தாங்க முடியவில்லை. பக்கிளை எடுத்து, முதல் நாளே சேற்றைப் பூசிக் காயவைத்து, சட்டைப் பையில் கொண்டுவந்தேன். நீ அந்தப் பக்கம் திரும்பிய நேரம் உன் குழியில் நழுவவிட்டேன். கடப்பாரை டங்கென்றது. நீ மண்டியிட்டு எடுத்தாய். கட்டைவிரலால் தேய்த்தாய். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாய். என்னை நிமிர்ந்து பார்த்தாய், ரொம்ப நேரம். "தனம்டா" என்றாய். உன் கண் கலங்கியது. நானும் அழுதேன். அப்பாடா, தொலைந்தது சனியன், இனி ஏரி இல்லை என்று நினைத்தேன்.

அடுத்த சித்திரையில் மறுபடி கடப்பாரை! "ஒண்ணு கெடச்சிதுன்னா மீதியும் அங்கதானடா இருக்கணும்?" என்றாய். நான் பின்னாலேயே வந்தேன். அதற்கப்புறமும் எட்டு வருஷம், ஐயா, எட்டு வருஷம். நடுவில் நான் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்கு வந்துவிட்டேன். அங்கேயும் எடைதான், பித்தளைக்குப் பதில் இரும்புச் சீவல். ஷிப்ட், ஓவர்டைம் என்று எதைச் சொன்னாலும் விடமாட்டாய், வாராந்திர லீவு பார்த்து வந்து நிற்பாய். தோண்டுவது வரவரக் குறைந்தது. மதகில் உட்காருவது கூடியது. கேள்வி மட்டும் மாறவே இல்லை. "வேற ஏதாவது கீதாடா?" "ஒண்ணும் இல்லடா."

சர்க்கரையில் கால் போய் நீ கட்டிலில் விழுந்த பிறகு, நான் கடைசியாகப் பார்க்க வந்தபோதும் கேட்டாய். "ஏரி வத்திருக்குமாடா?" "வத்திருக்கும்." ஃபேனைப் பார்த்துக்கொண்டே கேட்டாய், "வேற ஏதாவது கீதாடா?" சொல்லிவிடலாமென்று ஸ்டூலை உன் பக்கம் இழுத்தேன். கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு லீவு.

சரி. பிரித்துவிட்டேன்.

எண்ணெயில் ஊறி, புதுசு மாதிரி இருக்கிறது. கிரீடம் அப்படியே இருக்கிறது. திருப்பினேன். பின்பக்கம் அந்தக் கோணல் 'தனம்'. அதற்குக் கீழே, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால்தான் தெரிகிற பொடிப் புள்ளிகளில், உன் உளி:

ஏழுமலை அன்பளிப்பு.

அதன் கீழே வருஷம், சித்திரை. நீ குழியிலிருந்து எடுத்த அதே சித்திரை. புள்ளிகளுக்குள் எண்ணெய் இறங்கிக் கறுத்திருக்கிறது. நேற்று வெட்டியது இல்லை, அன்றைக்கே வெட்டியது.

கிணற்றில் விழுந்து ஒரு வருஷம் கழித்து எடுத்த குடங்கள் நம் கடைக்கு எத்தனை வந்திருக்கின்றன! கறுத்து, பச்சை பூத்து, அடையாளமே தெரியாமல். நாலு வருஷம் சேற்றில் கிடந்த பித்தளை எப்படி இருக்கும் என்று எடை போட்ட எனக்கே தெரியும், வெட்டின உனக்குத் தெரியாதா? நான் ஒரு மடையன். பூசின சேற்றுக்குக் கீழே தேங்காய் எண்ணெய் மணத்திருக்கும். அதைத்தான் நீ முகர்ந்தாய்.

கை வைக்கவே மாட்டேன் என்ற இடத்தில் என் பேரை வெட்டினாய். அதை என்னிடம் காட்டாமல், எட்டுக் கோடை வெயிலில் எனக்கு எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாய். நீ கேட்டது என்னை; நான் குழியைப் பார்த்துப் பதில் சொன்னேன்.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இப்போது கிளம்பினால் வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் மதகுக்குப் போய்விடலாம். அங்கே உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஆடு மேய்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். அதற்கு முன்னால் இங்கே எழுதிவிடுகிறேன், வழியில் எனக்குத் தைரியம் போய்விடும்.

கீதுடா. ஏரியில போடல. பழைய பித்தளை மூட்டையில போட்டேன், நானே தெச்சேன், உருகிப் போச்சு.